கிணத்து மேல கட்டுன குளம்

செருப்பைக் கழட்டாதீங்கக்கா, அப்படியே வாங்க. பின்னாடி எல்லாம் ஈரமாத்தான் கிடக்கு. பார்த்து, அந்தப் படிக்கல் ஆடும். டிரம்மு, வாளி, அண்டா எல்லாத்தையும் வெள்ளனாவே கழுவிக் கவுத்திட்டேன். பிரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி நிக்கிற தட்டையும் ஊத்தியாச்சு, போன வாரம் நீங்க சொன்னீங்கள்ல. தேங்காய்த் தொட்டி ஒண்ணு கிடையாது. நீங்க பார்க்க வேண்டியது இந்தக் குளம் ஒண்ணுதான்.

சிரிக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் குளம்னுதான் சொல்லுவார். ஆறடிக்கு நாலடி. ஆழம் என் முழங்காலுக்கு மேல ஒரு சாண். மேல கம்பிவலை அடிச்சிருக்கார், பாப்பா ஏறிக் குதிச்சாலும் உள்ள விழ மாட்டா. டார்ச் அடிச்சுப் பாருங்க. கப்பி மீன் நாப்பது கிடக்கு, கொசுப்புழு வந்தா நிமிஷத்துல தின்னுரும்.

கொசுப்புழு பார்த்தாச்சுன்னு அட்டையில தேதி போட்டுறாதீங்கக்கா, கொஞ்சம் பொறுங்க. தேதி போட்டுட்டா அடுத்த வீட்டுக்குப் போயிருவீங்க. எனக்கு உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். நேத்துலருந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்த்து வச்சிருக்கேன். நான் ஆளைப் பார்த்தாப் பேசுறவ கிடையாது, உங்களுக்கே தெரியும். ரெண்டு வருசமா நகராட்சியிலருந்து வாரம் தவறாம வர்றீங்க, தலையை ஆட்டுறதைத் தவிர நான் என்ன பேசியிருக்கேன்? ஆனா மொத நாள் அட்டை எழுதும்போது நீங்க என் பேரைக் கேட்டீங்க. வீட்டுக்காரர் பேரைக் கேட்கல, என் பேரைக் கேட்டீங்க. பாண்டிமீனான்னு சொன்னேன். நல்ல பேரும்மான்னீங்க. அது எனக்கு மறக்கல.

கேட்க வேண்டியது இதுதான். குளத்துக்கு நடுவுல ஒரு குழாய் நிக்குதுல்ல, அது மேல சிமெண்டுத் தாமரை ஒண்ணு உட்கார்ந்திருக்குல்ல. அதை எடுத்தாகணும்னு நகராட்சி சொல்லுதுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுக்கணும். நான் சொன்னா அவர் கேட்க மாட்டார். சொல்லவும் எனக்கு வாய் வராது. பாப்பா உசுரு விசயம்க்கா.

என்ன சத்தமா? அதுவா. அது பாப்பாதான். உள்ள தொட்டில்ல தூங்குறா. நெஞ்சுல கொஞ்சம் இழுக்குது. அதைத்தான் சொல்ல வர்றேன்.

இந்த இடத்துல கிணறு இருந்துச்சுக்கா. நீங்க பார்த்திருக்க மாட்டீங்க, நீங்க இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடியே மூடியாச்சு. முப்பதடிக் கிணறு. நான் கல்யாணமாகி வந்தப்போ அதுலதான் தண்ணி இறைப்போம். தெருவுல எல்லார் வீட்டு போரும் காத்து ஊதுன வருசத்துல இதுல ஆளுயரத்துக்குத் தண்ணி நின்னுச்சாம். எங்க அத்தை அதைச் சொல்லும்போது பெத்த பிள்ளை பாஸான மாதிரி சொல்லுவாங்க.

அத்தைன்னா எங்க வீட்டுக்காரரைப் பெத்தவங்க. பேச்சியம்மா. பேருக்கு ஏத்த ஆளு, பேச்சுன்னா அப்படிப் பேச்சு. முன்கட்டுல, அந்தா, கட்டில் கிடக்கு பாருங்க, அங்கதான் படுத்திருப்பாங்க. எங்க வீடு ஒரே நேர் வீடு, பின்வாசல்ல நின்னா தெருவாசல் தெரியும். அத்தை தலைமாட்டைப் பின்வாசல் பக்கம் வச்சு, காலைத் தெருப்பக்கம் நீட்டிப் படுப்பாங்க. எதுக்குன்னா தெருவுல போறவங்களைப் படுத்தவாக்குல பார்க்கணும். "ஏப்பா பால்காரா, இன்னைக்குத் தண்ணியில எம்புட்டுப் பால் ஊத்துன?"ன்னு சத்தம் போடுவாங்க. அந்தாளும் நின்னு பதில் சொல்லிட்டுத்தான் போவான். எதிர்த்தாப்புல இருக்கிற மருந்துக்கடைக்காரர் கடையைத் திறக்க அஞ்சு நிமிஷம் பிந்துனாப் போதும், "என்னய்யா, பொண்டாட்டி விடலையா?"ம்பாங்க. எனக்கு உள்ள நின்னுக்கிட்டே காது கூசிப்போகும். என்னைப் பார்த்து, "எனக்குன்னு வந்து வாச்சிருக்கு பாரு ஊமைக்கோட்டான்"னு சொல்லிச் சிரிப்பாங்க. கெட்டவங்க இல்லக்கா. சோறு போட்டா எனக்குத்தான் மொதல்ல தட்டு வைப்பாங்க.

நான் வாயைத் திறந்து கேட்டது வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணுதான். இந்தக் கிணத்தை மூடணும்னு கேட்டேன். அதையும் நேரா கேட்கல. வளைகாப்பு முடிஞ்சு நத்தம் பக்கம் எங்க ஊருக்குப் போயிட்டு, எங்க அம்மாவை விட்டுச் சொல்லவச்சேன், பிள்ளை பிறந்தா கிணத்தை மூடுனாத்தான் அங்க வருவேன்னு. எங்க ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி கிணத்துல விழுந்ததைச் சின்ன வயசுல பார்த்தேன். அது கத்தவே இல்லக்கா. சுத்திச் சுத்தி நீந்துச்சு, அவ்வளவுதான். வயித்துல பிள்ளை இருக்கும்போது அதுதான் கண்ணுலயே நின்னுச்சு.

அத்தை ஆடித் தீர்த்துட்டாங்க. "நாப்பது வருசம் வானத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தது. இனிமே அது எதைப் பார்க்கும்?"னு கேட்டாங்களாம். அப்புறம் பேத்தின்னு தெரிஞ்சதும் இறங்கி வந்துட்டாங்க. மூணு டிராக்டர் மண்ணு. ஆனா ஒரு சொல்லு சொல்லித்தான் மூட விட்டாங்க, குழாய் வைக்கணும்னு. உசுருள்ள கிணத்தை மூச்சடைச்சு மூடக் கூடாது, தண்ணி வரைக்கும் ஒரு குழாயை இறக்கி, மேல ரெண்டடி விட்டுத்தான் மண்ணைத் தள்ளணும். இல்லேன்னா அந்த வீட்டுல யாருக்காவது மூச்சு நிக்கும்னாங்க. எங்க ஊர்ப்பக்கமும் அப்படித்தான் செய்வாங்க. உங்க பக்கமும்தானே?

வெள்ளனா எந்திரிச்சதும் அத்தை ஒரு செம்புத் தண்ணியைக் கொண்டுபோய் அந்தக் குழாயில ஊத்துவாங்க. "இந்தா, குடி." காதை வச்சுக் கேட்பாங்க. "விடுது, விடுது"ன்னு சொல்லிட்டு வந்து காப்பி கேட்பாங்க. அவங்களுக்கே மூச்சு சரி கிடையாது. இழுப்பு. வாய்க்குள்ள புஸ்ஸுனு அடிக்கிற மருந்து ஒண்ணு எந்நேரமும் முந்தானையில முடிஞ்சிருப்பாங்க. ஊதா கலர்ல இருக்கும்.

போன வருசம் ஐப்பசியில காய்ச்சல் பரவுச்சுல்ல. அப்போ நீங்க வந்தீங்க. இந்தக் குழாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, "உள்ளருந்து கொசு வருது பாரும்மா, வாயைக் கட்டி வை"ன்னீங்க. உங்க மேல தப்புச் சொல்லலக்கா. உங்க வேலையை நீங்க சொன்னீங்க. அத்தை அன்னைக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாங்க. நான்தான் எண்ணெய்க் கவரை மூடி, சைக்கிள் டியூப்பைக் கிழிச்சு மூணு சுத்துச் சுத்திக் கட்டுனேன். நல்லா இறுக்கிக் கட்டுனேன்.

அத்தை வந்து பார்த்துட்டு, "யாரைக் கேட்டுடி கட்டுன?"ன்னாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நகராட்சியக்கா சொன்னாங்கன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல. "அவுத்து விடு"ன்னாங்க. சரின்னேன். பாப்பா அழுதா, மறந்துட்டேன். மறுநாள் மழை. அதுக்கு மறுநாள் அத்தைக்குச் சளி கட்டிப் படுத்துட்டாங்க, செம்புத் தண்ணியும் நின்னுபோச்சு. கட்டுனது கட்டுனபடியே கிடந்துச்சு.

பதினோராம் நாள்க்கா. கட்டுன செவ்வாய்லருந்து பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை. எங்க வீட்டுக்காரர் வேடசந்தூர்ல ஒரு வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டப் போயிருந்தார். பத்து மணிக்கு மேல அத்தைக்கு இழுக்க ஆரம்பிச்சது. புஸ்ஸுனு அடிச்சுப் பார்த்தாங்க, வெறும் காத்துதான் வந்துச்சு, மருந்து தீந்துபோச்சு. போய் வாங்கிட்டு வாடின்னாங்க. நான் போனேன். போகாம இல்ல. பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு கடைப்படி வரைக்கும் போனேன். அங்க நாலு ஆம்பளைங்க டீ கிளாஸை வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டு நின்னாங்க. மருந்துக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியாது, காலி டப்பாவை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். கல்யாணமான புதுசுல ஒருக்க அதே கடையில, மாசாமாசம் பொம்பளைங்க வாங்குறதைக் கேட்டேன். "எந்த சைஸும்மா? சத்தமாச் சொல்லு"ன்னு கேட்டார். அத்தனை தலையும் திரும்புச்சு. அதுலருந்து கடைக்கு எங்க வீட்டுக்காரர்தான் போவார். அத்தைக்கு மருந்து வாங்கப் போன அன்னைக்கும் அந்த ஆம்பளைங்க போகட்டும்னு கொஞ்சம் நின்னேன். அவங்க போகல. வாங்காமலே வந்துட்டேன். இதெல்லாம் இப்ப எதுக்குச் சொல்றேன், கதை எங்கேயோ போகுது.

வீட்டுக்கு வந்து தேங்காயெண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சி அத்தை நெஞ்சுல தேச்சேன். தலைமாட்டுல உட்கார்ந்து தேச்சுக்கிட்டே இருந்தேன். அவருக்கு மூணு தரம் போன் அடிச்சேன், போன் பைக்குள்ள கிடந்திருக்கு. மத்தியானம் ஆச்சு. அத்தைக்குப் பேச்சு நின்னுபோச்சு. எங்க அத்தைக்குப் பேச்சு நின்னா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஈ...ங் ஈ...ங்னு அந்தச் சத்தம் மட்டுந்தான். கையை நீட்டி நீட்டிக் காட்டுனாங்க. எனக்குப் பளிச்சுனு புரிஞ்சுபோச்சு. குழாயைக் காட்டுறாங்க. அவுத்து விடுன்னு சொல்லியும் நான் அவுக்காம விட்ட குழாயை. ஓடிவந்து டியூப்பைப் பல்லால கடிச்சுப் பிச்சு எறிஞ்சேன். திரும்பிப் போனா அப்பவும் கையை நீட்டிக்கிட்டேதான் இருக்காங்க. திறந்துட்டேன் அத்தை, திறந்துட்டேன்னு கத்துறேன். கை இறங்கவே இல்ல.

நாலரைக்கு அவர் வந்தார். ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனார். ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள நுழையும்போதே முடிஞ்சுபோச்சுன்னாங்க.

பிந்தித் திறந்துட்டேன்க்கா. அவ்வளவுதான் விசயம். அன்னைக்கு ராத்திரி அவர் என்கிட்ட, "மருந்து தீந்தது உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டார். தெரியாதுன்னுட்டேன். எதுக்கு அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல.

பதினாறு கும்பிட்டு சொந்தபந்தமெல்லாம் போச்சு. ஒரு மத்தியானம் பாத்திரம் விளக்கிக்கிட்டு இருக்கேன். ஈ...ங். நிமிர்ந்து பார்க்கிறேன். குழாய்க்குள்ளருந்து. ஈ...ங், அப்புறம் ஒரு நிறுத்தம், திரும்ப ஈ...ங். அதே சத்தம்க்கா. அத்தை சத்தம். கை ரெண்டும் சாம்பலோட அப்படியே உட்கார்ந்துட்டேன். அவர்கிட்ட சொன்னா, காத்து அடிச்சா குழாய் ஊதாதா, புல்லாங்குழல் பார்த்ததில்லையான்னார். ரம்பத்தை எடுத்துட்டு வந்து அறுத்துப் போடவான்னார். நான் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

செம்புத் தண்ணியை நான் ஊத்த ஆரம்பிச்சேன். அத்தை மாதிரியே, இந்தா குடின்னு சொல்லி ஊத்துனேன். மத்தியானம் ஆனா திரும்ப ஈ...ங். தண்ணி பத்தலையோன்னு நாலு செம்பு ஊத்துனேன். நிக்கல. அப்பத்தான் அத்தை சொன்னது ஞாபகம் வந்துச்சு, இனிமே அது எதைப் பார்க்கும்னு. வானம் பார்க்கணும். அதுக்கு மேல ஒரு தண்ணி இருந்து அது வானத்தைப் பார்த்தா கிணத்துக்கு மனசு ஆறும்னு எனக்குப் பட்டுச்சு. அவர்கிட்ட அதைச் சொல்ல முடியுமா? பாப்பா மீன் வேணும்கிறான்னு சொன்னேன். பாப்பாவுக்கு அப்போ ரெண்டு வயசு, மீனுன்னா என்னன்னே தெரியாது.

அவர் அப்படிச் சந்தோசப்பட்டு நான் பார்த்ததில்ல. ஊர் வீட்டுக்கெல்லாம் தரை ஒட்டுறவர், எங்க வீட்டுல இன்னும் சிமெண்டுத் தரைதான். சித்திரையில வேலை இல்லாத எட்டு நாளும் இதுலயே கிடந்தார். குழாயை நடுவுல விட்டுச் சுத்தி வெட்டுனார். கீழ ஜல்லி, அதுக்கு மேல கோழிவலை, அதுக்கு மேல தண்ணி இறங்காத பவுடர் கலந்து பூச்சு. ஒவ்வொரு வீட்டுலயும் மிச்சமான டைல்ஸைக் கொண்டாந்து ஒட்டுனார். பாருங்க, ஒண்ணுபோல ஒண்ணு இருக்காது. அந்த டால்பின் ஒரு டாக்டர் வீட்டுக் குளியலறை. இந்தப் பச்சை ஒரு மண்டபத்துக் கக்கூஸ், அதை யார்கிட்டயும் சொல்லாதேன்னுருக்கார். தண்ணியை நிரப்பி வாழைமட்டையை வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவச்சோம், சிமெண்டு காரம் போகணும்ல, இல்லேன்னா மீன் மல்லாந்துரும். கருப்பாத் தண்ணி வந்துச்சு. அதை இறைச்சுக் கொட்டிட்டு நல்ல தண்ணி விட்டோம். தொட்டியில அல்லிக்கிழங்கு வச்சு இறக்குனார். பாப்பா பொரியைத் தூவுனா, மீனெல்லாம் வாயை வாயைத் திறந்துச்சு.

அதுக்கப்புறம் குழாய்ச் சத்தம் குறைஞ்சுச்சுக்கா. உண்மையாவே குறைஞ்சுச்சு. அவர், "குளம் காத்தை மறிக்குது"ன்னார். வெயில் நேரத்துல இங்க உட்கார்ந்து தண்ணிக்குள்ள மேகம் போறதைப் பார்ப்பேன். பார்த்துக்கோ, பார்த்துக்கோன்னு மனசுக்குள்ள சொல்லுவேன்.

போன மாசம் அத்தைக்கு வருசத் திதி வந்துச்சு. சாமி கும்பிட்டு முடிச்சதும் அவர் வண்டியிலருந்து ஒரு சாக்கை இறக்குனார். உள்ள இந்தச் சிமெண்டுத் தாமரை. ஏதோ வீட்டு மொட்டைமாடியில வைக்க வாங்கி வேண்டாம்னு விட்டதாம். நேரா குளத்துக்குள்ள இறங்கி அந்தக் குழாய் மேல கவுத்தி, சிமெண்டு வச்சுப் பூசிட்டார். "அம்மா ஞாபகமா இருக்கட்டும்"னார். கண்ணுல தண்ணி. அம்மா சாவுக்கு அழாத மனுசன் அன்னைக்கு அழுதார். வேண்டாங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. எதுக்குன்னு கேட்பாரே. எதுக்குன்னு நான் எங்கேருந்து ஆரம்பிப்பேன்?

அன்னையிலருந்து குழாய்ல சத்தமே இல்ல. அடைச்சாச்சுல்ல. எட்டாம் நாள் பாப்பாவுக்கு இழுக்க ஆரம்பிச்சுருச்சு. நான் காதை வச்சுக் கேட்டேன். ஈ...ங். குழாய்ல இருந்த சத்தம் என் பிள்ளை நெஞ்சுக்கு வந்துருச்சுக்கா.

இப்பப் புரியுதா நான் எதுக்கு எழுதிக் கேட்கிறேன்னு? கொசு வருதுன்னு எழுதுங்க, என்ன வேணும்னாலும் எழுதுங்க. அவர் சாயங்காலம் வந்து பார்க்கிற மாதிரி கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அன்னைக்குக் கட்டச் சொன்ன வாய்தானே, இன்னைக்குத் திறக்கவும் அதே வாய் சொன்னாத்தான் சரியா இருக்கும்.

டாக்டரா? காட்டுனோமே. முந்தாநாள் அவர்தான் தூக்கிட்டுப் போனார். தாய்வழி தகப்பன்வழியில யாருக்காவது வீசிங் இருக்கான்னு கேட்டாராம். சிரப்பு ஒண்ணு குடுத்தார், அதைக் குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஊதுற மருந்தும், அதை முகத்துல வச்சுக் குடுக்கிறதுக்கு ஒரு குடுவையும் எழுதியிருக்கார். அந்நேரம் கடையில குடுவை இல்லையாம், காலையில வரும்னாங்களாம். நேத்து அவர் வேலைக்குப் போகும்போது, எதிர்த்தாப்புலதானே, நீ வாங்கிக் குடுத்துருன்னு சொல்லிட்டுப் போனார். சீட்டு அந்தா, காலண்டர் ஆணியில மாட்டியிருக்கு.

இல்ல. இன்னும் வாங்கல. வாங்கிட்டியான்னு கேட்டார், தலையை ஆட்டுனேன்.

எதுக்குக்கா எந்திரிக்கிறீங்க? நேரம் ஆச்சா? தொட்டிலை விலக்கி என்ன பார்க்கிறீங்க? ஆமா, மூச்சு விடும்போது விலாப்பக்கம் கொஞ்சம் குழி விழுது, காலையிலருந்து அப்படித்தான். அக்கா, அந்தச் சீட்டு எதுக்கு? உங்க மருந்துப் பையை இங்கேயே வச்சுட்டுப் போறீங்களே. அக்கா, தாமரைக்கு ஒரு வரி எழுதிட்டுப் போங்களேன்!

*

மெதுவாக் குடிங்க, சூடா இருக்கு. சீனி போதுமா?

பாருங்களேன், எப்படித் தூங்குறா. உங்க மடியிலயே தூங்கிட்டா. வேத்து ஆள் தொட்டாலே வீல்னு கத்துறவ. அந்தக் குடுவையை மூக்கு மேல வச்சதும் முழிச்சு முழிச்சுப் பார்த்தா, அவ்வளவுதான். உங்க மூத்த பையனுக்கும் இருந்துச்சா? அதான் கை அவ்வளவு பழக்கமா இருக்கு. ஒரு தரம் அழுத்திட்டு பத்து மூச்சு விடவைக்கணும். சரி. ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தரம். சரிக்கா. இன்னைக்கே திரும்ப டாக்டர்கிட்ட காட்டணும். அவருக்கு நீங்களே போன்ல சொல்லிட்டீங்க, வந்துக்கிட்டு இருக்கார். இனிமே குழி விழுந்தா ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்திருக்கக் கூடாது. சரிக்கா.

ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க அங்கிட்டுப் போனதும் நான் இங்கிட்டு ஓடினேன். கடப்பாரையை எடுத்துக் கம்பிவலையைத் தூக்கிட்டுத் தண்ணிக்குள்ள இறங்கிட்டேன். ஒரே போடு. தாமரை ரெண்டாப் பிளந்து உள்ள விழுந்துச்சு, மீனெல்லாம் ஒரு மூலையில போய் ஒட்டிக்கிச்சு. பாவாடையெல்லாம் நனைஞ்சு நிக்கிறேன், பாருங்க. குழாய் வாயைக் கையால துடைச்சேன். உள்ளருந்து குளுகுளுன்னு காத்து வந்துச்சுக்கா, என் உள்ளங்கையில பட்டுச்சு. நீங்க மருந்தோட படியேறவும் அது திறக்கவும் சரியா இருந்துச்சு. பாப்பாவுக்கு மூச்சு வந்துருச்சு. பார்த்தீங்கள்ல?

எதுக்கு அப்படிப் பார்க்கிறீங்க?

அவர் கேட்டா நகராட்சி உடைக்கச் சொல்லுச்சுன்னு சொல்லிக்கிறேன். இல்ல, நான்தான் உடைச்சேன்னு சொல்லணும். சொல்லிருவேன்னுதான் நினைக்கிறேன்.

கடையில கூட்டமா இருந்துச்சாக்கா? ஆம்பளைங்க நின்னாங்களா? நின்னாங்களா. என்ன சொல்லிக் கேட்டீங்க? சீட்டை மட்டும் நீட்டுனீங்களா? ஒண்ணுமே பேசலையா? பேசாமலே குடுத்துட்டாரா?

போயிட்டு வர எம்புட்டு நேரம் ஆச்சு?

மூணு நிமிஷமா.

மூணு நிமிஷந்தானா?

நான் அன்னைக்குப் படியில நின்னதே அதைவிடக் கூட இருக்கும். பாப்பா இடுப்புல. அந்த டீ கிளாஸெல்லாம் இன்னும் கண்ணுல இருக்கு. ஒரு கிளாஸ்ல ஏடு ஒட்டியிருந்துச்சு.

நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்கக்கா. அந்தக் கட்டில்ல இல்ல, இப்படி. ஒண்ணு பார்க்கணும். அத்தை இப்படிப் படுத்திருந்தாங்க. தலை இங்க. நான் தலைமாட்டுல, இந்தா, பின்வாசல் எனக்கு முதுகுப் பக்கம் இருந்துச்சு. எண்ணெயைத் தேச்சுக்கிட்டு இருந்தேன். அத்தை கையை நீட்டுனாங்க. குழாயைக் காட்டியிருந்தா கை என் பக்கமாத்தானே வந்திருக்கணும்? என் முகத்துல பட்டிருக்கும், என்னைத் தாண்டித்தானே குழாய் இருக்கு. கை என் பக்கம் வரவே இல்லக்கா. நான் தேச்சுக்கிட்டே முழங்கையைப் பிடிச்சு மடக்கி மடக்கி நெஞ்சுல வச்சேன். அது திரும்பத் திரும்ப அங்கிட்டேதான் போச்சு. கால்மாட்டுப் பக்கம்.

அக்கா, அங்கிட்டு என்ன இருக்கு? இங்கருந்து பார்த்துச் சொல்லுங்க. தெருவாசல் தெரியுது. அதுக்கு அங்கிட்டு?

நீங்க சொல்ல வேண்டாம். கடைப் பலகை எனக்கே தெரியுது.